கடற்கரையில் ரத்தினக்கல் தேடுகிறீர்களா? பளபளப்பை நம்பாதீர்கள்

நகைக்கடைப் பெட்டிக்குள் பார்த்த கல்லை மனதில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. பட்டை தீட்டாத கல் மின்னாது. அலையில் வருடக்கணக்காக உருண்டு தேய்ந்த அகேட் (வரிவரியான குவார்ட்ஸ் வகை ரத்தினக்கல்), காய்ந்து கிடக்கும்போது மாவு பூசினதுபோல மங்கலாகத்தான் இருக்கும். தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கிற சமாச்சாரம் பெரும்பாலும் மைக்காத் துணுக்கு, இல்லையென்றால் உடைந்த பாட்டில்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்று, ஈரக் கல். நனைந்தால் எந்தக் கல்லும் அழகுதான். மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் காய்ந்த கல் வெளிறித் தெரிகிறது, தண்ணீர் அந்தக் கீறல்களை நிரப்பியதும் நிறம் பளிச்சென்று வந்துவிடுகிறது. அதை நம்பிப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தால் மறுநாள் காலையில் சாம்பல் நிறக் குவியல் ஒன்றுதான் மிஞ்சும். எடுத்ததைத் துடைத்துக் கொஞ்ச நேரம் காயவிட்டுப் பாருங்கள், வேண்டாததை அங்கேயே போட்டுவிடுங்கள்.

சரி, பிறகு எதைப் பார்த்துத் தேடுவது? நிறத்தைவிட, ஒளி கல்லுக்குள் புகுகிறதா என்பதைத்தான். அகேட்டும், அதன் செந்நிற உறவான சூதுபவளமும் ஒளியை உள்ளே விடும், அதே குடும்பத்து ஜாஸ்பர் கல் விடாது. அதனால் உச்சி வெயிலில் போவதில் பெரிய பயனில்லை. காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதைப் பார்த்த திசையில் மெதுவாக நடந்தால், சரளைக்கு நடுவே அகேட் மட்டும் உள்ளுக்குள் ஒளிர்ந்து தனியாகத் தெரியும். முதுகைச் சூரியனுக்குக் காட்டி நடப்பவர்கள் அதே கல்லை மிதித்துக்கொண்டு போவார்கள்.

ஒளி புகுந்துவிட்டது என்பதால் மட்டும் அது அகேட் ஆகிவிடாது, கால்சைட் என்ற மென்மையான சுண்ணாம்புக் கனிமமும் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரிப்பது கடினத்தன்மை: கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அகேட் 6.5 முதல் 7 வரை, கால்சைட் வெறும் 3, சாதாரண எஃகுக் கத்தி ஏறக்குறைய 5.5. கத்தி முனையால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த பிறகும் பள்ளம் இருந்தால் அது அகேட் இல்லை. கோடு அழிந்துவிட்டால் கல்லில் ஒட்டியது கத்தியின் உலோகம்தான், கல் தப்பித்தது. கடல் தேய்த்த கண்ணாடியை இந்தச் சோதனையில் பிடிப்பது கஷ்டம். அதற்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் சுத்தியல். உள்ளே வரிகள் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆசையில் நல்ல அகேட்டை ஒரு போடு போடுகிறார்கள், எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அடித்த இடத்திலிருந்து விரிசல் உள்ளே ஓடிவிடும், பட்டை தீட்டும்போது அங்கேயே பிளக்கும். தெறிக்கும் சில்லு கண்ணாடி மாதிரி கூர்மையானது, கண்ணுக்குப் பாதுகாப்பு இல்லாமல் அடிப்பது வெறும் முட்டாள்தனம். உள்ளே பார்க்க வேண்டுமென்றால் வைரத்தூள் பதித்த வாளால் அறுப்பதுதான் வழி.

நேரம் பார்க்காமல் போவது உயிருக்கே ஆபத்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும், வழக்கமாக மூழ்கியே கிடக்கும் சரளை வெளியே வரும், தேடுவதற்கு அருமையான நாட்கள். ஆனால் அதே நாட்களில் தண்ணீர் ஏறுவதும் அதிகம் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கடல் மிகவும் இறங்கும் நேரத்துக்கு ஓரிரு மணி முன்பே போய், இறங்கும் தண்ணீரின் பின்னாலேயே தேடிக்கொண்டு போங்கள், திரும்ப ஏற ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள். இருபுறமும் பாறை நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன வளைகுடாவில் நீங்கள் வந்த வழிதான் முதலில் மூடும். புயலுக்குப் பிறகு போவது நல்ல யோசனை, பெரிய அலைகள் மணலை இழுத்துக்கொண்டு போய்ச் சரளையைத் திறந்து வைத்திருக்கும். அதே மழையில் ஊறிய செங்குத்துப் பாறைச் சரிவின் அடியில் மட்டும் நிற்காதீர்கள்.

எடுக்க அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் 1949-ம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளூர் நிர்வாகம் கூழாங்கல் அள்ளுவதைத் தடை செய்யலாம். இத்தாலியின் சார்டினியாவில் அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை. நியூசிலாந்தில் பவுனமு என்னும் பச்சைக்கல் 1997 முதல் சட்டப்படி நை தாஹு என்னும் மாவோரி பழங்குடியினரின் உடைமை.

கடைசியாக, சட்டைப்பை. பால்டிக் கடற்கரையில் அம்பர் (இறுகிக் கல்லாகிப்போன பழங்கால மரப்பிசின்) தேடுபவர்களுக்கு இது முக்கியம். ஜெர்மனியின் உசெடோம் தீவுக் கரையில் இரண்டாம் உலகப் போரின் குண்டுகளிலிருந்து வந்த வெண்பாஸ்பரஸ் கட்டிகள் இன்றும் ஒதுங்குகின்றன, பார்வைக்கு அசல் அம்பர். ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. காய்ந்து, உடம்புச் சூட்டுக்கு வந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும், பையில் போட்டவர்கள் மோசமாக வெந்துபோயிருக்கிறார்கள். அங்கே எதை எடுத்தாலும் தகர டப்பாவில் போட்டு, உடம்பிலிருந்து தள்ளியே கொண்டு போங்கள். நன்றாகக் காயும்வரை அந்த டப்பாவை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.