வேலைக்குப் போன பிறகு ஐக்கியம்: வீட்டில் ஒரு வேதபாடக் குழு தொடங்குவது எப்படி?

கல்லூரியில் இ.யு. (கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம்) கூட்டமும் ஹாஸ்டல் மொட்டைமாடி ஜெபமும் தானாக நடந்தன. வேலை கிடைத்துச் சோழிங்கநல்லூரிலோ பெருங்குடியிலோ ரூம் எடுத்தபின் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாகிவிடுகிறது. சென்னையின் ஐ.டி. சாலையான அந்த ஓ.எம்.ஆர். பிள்ளைகளுக்கான குறிப்பு இது.

1. முதலில் சபை

குழு சபைக்குப் பதில் அல்ல, யூடியூப் பிரசங்கமும் சபைக்குப் பதில் அல்ல. அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு சபையை இரண்டு மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் கல்யாண ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்தில் இரண்டு ஊருக்கும் அலைவார்கள். குழு தொடங்கப்போவதை ஆயரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், "தனிக்கூட்டம் நடத்துகிறார்கள்" என்ற பேச்சு வராது.

2. ஆள், இடம், நேரம்

நாலு பேர் போதும். எட்டைத் தாண்டினால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். பத்தானால் இரண்டாகப் பிரியுங்கள். சனி மாலை 6 முதல் 7.30 வரை நல்லது. பெண்கள் ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் எல்லாரும் திரும்பிவிடலாம். வீட்டு ஓனரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மைக் வேண்டாம், ஒரு கிடார் போதும். பாட்டு இரண்டு, பாடம் 45 நிமிடம், ஜெபம் 25 நிமிடம். டீ கடைசியில்தான், முதலில் வைத்தால் பாடம் ஏழு மணிக்குத்தான் தொடங்கும்.

3. எதை வாசிப்பது

மாற்கு சுவிசேஷம். பதினாறே அதிகாரம், விறுவிறுப்பாக ஓடும். வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள், குழு இரண்டாகிவிடும். எல்லாரும் சபையில் வாசிக்கும் பழைய திருப்புதல் வேதாகமத்தை வைத்திருக்க, ஒருவர் மட்டும் 1995இல் வந்த திருவிவிலியம் என்ற இன்னொரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளட்டும். ஆப் வேண்டாம். அன்றைய பகுதியை வரிக்கு வரி இடைவெளி விட்டு ஏ4 தாளில் அச்செடுத்து, ஆளுக்கொரு பேனாவோடு கொடுங்கள். போன் கையில் இருந்தால் ஆபீஸ் மெசேஜும் கூட்டத்துக்கு வந்துவிடும்.

4. கேள்வி தயாரிப்பது (சறுக்கும் இடம் இதுதான்)

கவனித்தல், பொருள் காணுதல், வாழ்வில் பொருத்துதல். வரிசை மாறக்கூடாது. எடுத்த எடுப்பில் "இதில் நமக்கு என்ன பாடம்?" என்று கேட்டால், "விசுவாசிக்கணும், ஜெபிக்கணும்" என்ற பதில்தான் வரும். அதற்கு மாற்கு தேவையே இல்லை.

மாற்கு 2:1-12ஐ எடுத்துக்கொள்வோம்: நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கும் பகுதி. கவனிக்க: யாருக்கு இடம் இல்லை, யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வாசலண்டைகூட இடமில்லை என்கிறது 2ஆம் வசனம். 6ஆம் வசனத்தில் வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்) உட்கார்ந்திருக்கிறார்கள். இதை யாராவது கண்டுபிடித்துச் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பொருள் காண: 5ஆம் வசனத்தில் இயேசு கண்டது யாருடைய விசுவாசம்? நடக்க முடியாதவனிடம் பாவமன்னிப்பை ஏன் முதலில் பேசுகிறார்? பொருத்த: நாம் சுமக்க வேண்டியவர் யார்? பெயர் சொல்லுங்கள். கம்பெனியில் புராஜெக்ட் கிடைக்காமல் ஆறு மாதமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ரூம்மேட்டாக இருக்கலாம்.

கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பதினைந்து எண்ணுங்கள். அமைதி தாங்காமல் நடத்துகிறவரே பதில் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அது பிரசங்கக் கூட்டம். யார் எதைச் சொன்னாலும் வசன எண்ணோடு சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். நேற்று கேட்ட பிரசங்கத்தைத் திரும்ப ஒப்பிக்கிறவரும் அதில் அடங்குவார்.

12ஆம் அதிகாரம் வரும்போது இராயனுக்குரியதை, அதாவது அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியைப் பற்றிப் பேசாமல் நழுவாதீர்கள். வரிச்சலுகைக்காகப் போலி வாடகை ரசீது கொடுக்கிறவர் அந்த அறையிலேயே இருப்பார்.

5. ஜெபக் குறிப்பு

தன் காரியத்தை மட்டும் சொல்ல வேண்டும். "அந்த அக்காவுக்காக ஜெபிங்க, அவங்க வீட்டுல…" என்று தொடங்கினால் அது புறணி. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குங்கள்.

காணிக்கை எடுக்காதீர்கள், அது சபைக்கு. ஒருவருக்கு வேலை போனால் நேரடியாகக் கொடுங்கள், கடனாக அல்ல. கடன் வாங்கியவர் கூட்டத்துக்கு வரக் கூச்சப்படுவார். இன்சூரன்ஸ், சீட்டு, எம்.எல்.எம். (ஆள் சேர்க்கும் வியாபாரம்) பேச்சுக்கு முதல் நாளே தடை போடுங்கள்.

6. மற்ற ஆறு நாள்

தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்றால் ஒரு வருடத்தில் வேதாகமம் முடியும். கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்கள் தினம் ஐந்து சங்கீதம் எடுத்தால் முப்பது நாள். 119க்கு மட்டும் தனி நாள் ஒதுக்குங்கள், 176 வசனம்.

பிற்சேர்க்கை: நைட் ஷிப்ட் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகக் குழுவின் நேரத்தை வாராவாரம் மாற்றாதீர்கள், இரண்டே மாதத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். ஒரே ஷிப்ட்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து, ஷிப்ட் முடிந்ததும் டிபன் கடையிலேயே அதே பகுதியை வாசிக்கலாம். ஊர் மாறிப் போனவர்களுக்குக் கூகுள் மீட். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் இலவசக் கணக்கில் 60 நிமிடம்தான், அதனால் பாட்டை விட்டுவிட்டு நேரே பாடத்துக்கு வாருங்கள். ஆன்லைனில் சேர்ந்து பாடினால் ஆளுக்கொரு தாளத்தில்தான் கேட்கும்.