ரின்னை மிதிக்காதீர்கள்: ஜேர்மனியில் போத்தல் மெஷினில் காசு எடுப்பது எப்படி

திருகோணமலையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் ஓர் உரப்பை எப்போதும் தொங்கும். குடித்து முடித்த சோடா ரின் எதுவானாலும் நிலத்தில் வைத்துச் செருப்புக் காலால் ஒரு மிதி, தட்டையானதும் பைக்குள். பை நிறைந்தால் பழைய இரும்பு வாங்குகிறவர் சைக்கிளில் வரும்போது தராசில் கொழுவி, நிறைக்கு ஏற்றபடி காசு தருவார்.

இந்தப் பழக்கத்தோடுதான் ஜேர்மனியில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பல்கனியில் சேர்த்து வைத்திருந்த 18 ரின்களைக் கண்டதும், சும்மா இருக்கிறோமே, ஒரு உதவி செய்வோம் என்று அத்தனையையும் மிதித்து அடுக்கி வைத்தேன். வேலையால் வந்த அத்தான் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள், "நாலரை யூரோவை மிதிச்சுப்போட்டாய் தம்பி."

படிக்கவும், பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டு வரவும் போகிறவர்கள், வெறும் போத்தலையும் ரின்னையும் கடை மெஷினில் கொடுத்துக் காசு எடுப்பதைப் பற்றி அடிக்கடி கேட்பதால், முதல் தடவை போகிறவருக்கு விளங்கும்படி எழுதுகிறேன்.

முதலில்: அது யாருடைய காசு?

உங்களுடையதுதான். எங்கள் ஊர்க் கடையில் கண்ணாடிப் போத்தலில் சோடா வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றால், வெறும் போத்தல் ஒன்றைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போத்தலுக்கும் காசு கட்ட வேண்டும். அதே கணக்குத்தான். ஜேர்மனியில் இதற்கு ஃபான்ட் என்று பெயர். ரின்களுக்கும் ஒருமுறை பாவிக்கும் போத்தல்களுக்கும் இது கட்டாயமாக வந்தது 2003 ஜனவரி 1 இல். பானத்தின் விலையோடு 25 சதத்தையும் வாங்கும்போதே வாங்கிவிடுவார்கள். பில்லைப் பாருங்கள், தனி வரியில் இருக்கும்.

படி 1: அடையாளத்தைத் தேடுங்கள்

கோட்டுக்குறிக்கு (பார்கோட்) பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும்: ஒரு போத்தல், ஒரு ரின், அவற்றோடு ஒரு வளைந்த அம்புக்குறி. அது இருந்தால் 25 சதம். சின்ன ரின்னுக்கும் ஒன்றரை லீட்டர்த் தண்ணீர்ப் போத்தலுக்கும் ஒரே 25 தான். இது 100 மில்லிலீட்டரிலிருந்து 3 லீட்டர் வரைக்கும் பொருந்தும். பிளாஸ்டிக் போத்தலில் வரும் பழச்சாறு 2022 இலும் பால் 2024 இலும் இதற்குள் வந்துவிட்டன. பால் காகிதப் பெட்டியில் வந்தால் ஒன்றும் கிடையாது.

கண்ணாடிப் பியர்ப் போத்தலில் அந்தப் படம் இருக்காது, ஆனாலும் காசு உண்டு. அதைக் கழுவித் திரும்ப நிரப்புவார்கள். சாதாரணப் பியர்ப் போத்தலுக்கு 8 சதம், திரும்ப நிரப்பும் தண்ணீர்ப் போத்தலுக்குப் பெரும்பாலும் 15 சதம்.

வைன் போத்தலுக்குப் பெரும்பாலும் இல்லை. மீன் ரின்னுக்கு இல்லவே இல்லை. எங்கள் ஆட்கள் கறிக்கு உடைத்த ரின்மீன் ரின்னைக் கழுவிக்கொண்டு போய் மெஷினோடு சண்டை பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். பானம் வந்த ரின்னுக்குத்தான் காசு. ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன சோடாப் போத்தலையும் மெஷின் ஏற்காது.

படி 2: சேர்த்து வைக்கும் முறை

நசுக்க வேண்டாம். லேபிளைக் கிழிக்க வேண்டாம். உள்ளே மிச்சமிருப்பதை ஊற்றிவிடுங்கள். சும்மா ஒருமுறை அலசினால் நல்லது, வெயில் காலத்தில் பல்கனியில் குளவி மொய்க்காது. மூடியைப் பூட்டியே கொடுக்கலாம். இப்போது அங்கே மூடி போத்தலோடு ஒட்டியபடிதான் வருகிறது, பிய்க்கப் பாடுபடாதீர்கள்.

படி 3: எந்தக் கடை?

வாங்கிய கடைக்கே போக வேண்டும் என்றில்லை. பிளாஸ்டிக் போத்தல் விற்கிற பெரிய கடை எந்தக் கம்பனியின் பிளாஸ்டிக் ஃபான்ட் போத்தலையும் எடுத்தே ஆக வேண்டும், ரின்னுக்கும் அப்படித்தான். 200 சதுர மீற்றருக்குக் குறைந்த சின்னக் கடைகள் தாங்கள் விற்கிற பெயர்களை மட்டும் எடுத்தால் போதும். மலிவு விலைக் கடைகள் பலவற்றில் திரும்ப நிரப்பும் கண்ணாடிப் போத்தல் விற்பதில்லை, அதனால் எடுப்பதுமில்லை. கடைக்குள் "லேர்கூட்" என்ற பலகை தொங்கும் பக்கம் போங்கள். வெறும் போத்தல் என்று அர்த்தம்.

படி 4: மெஷின்

சுவரில் ஒரு வட்ட ஓட்டை. போத்தலைக் கிடையாக, அடிப்பக்கம் முன்னால் போகும்படி, ஒவ்வொன்றாக வையுங்கள். உள்ளே சின்னப் பட்டி இழுத்துக்கொள்ளும், பிறகு போத்தல் தன் பாட்டில் சுழலும். அந்தச் சுழற்சியில்தான் கோட்டுக்குறியையும் அந்தப் படத்தையும் வாசிக்கிறது. வாசித்ததும் திரையில் 0.25 ஏறும். அதற்குப் பிறகு சுவருக்குப் பின்னால் "கறக்" என்று ஒரு சத்தம். நான் வீட்டில் செருப்பால் செய்த அதே வேலை! ஒரே போத்தலுக்கு இரண்டு தரம் காசு எடுக்காமல் இருக்க, கணக்கு ஏறிய பிறகு மெஷினே நசுக்கிவிடுகிறது. எங்கள் தராசுக்கு நிறை போதும், இதற்கு முகம் தெரிய வேண்டும். மிதித்த ரின்னில் முகம் இல்லை.

திருப்பித் தள்ளினால் பயப்படாதீர்கள். கொஞ்சம் உருட்டித் திரும்ப வையுங்கள். உள்ளுக்குப் போன நெளிவை வெளியே தள்ளிப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் கடையில் வேலை செய்கிறவரிடம் காட்டுங்கள், அடையாளம் தெரிந்தால் கையால் எடுத்துக்கொள்வதுண்டு. என்னுடைய பதினெட்டில் ஏழு அப்படித் தப்பியது.

பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவதிப்பட்டு இரண்டு போத்தலைச் சேர்த்துத் தள்ளாதீர்கள். மெஷின் நின்றுவிட்டால் அந்த வரிசை முழுக்க உங்களைத்தான் பார்க்கும்.

படி 5: துண்டு

முடிந்ததும் பச்சைப் பொத்தானை அமத்துங்கள். தொகை அச்சடித்த ஒரு கடதாசித் துண்டு வரும். சில மெஷின்களில் காசைத் தருமத்துக்குக் கொடுக்கும் பொத்தானும் பக்கத்தில் இருக்கும், விருப்பமென்றால் அமத்தலாம், தெரியாமல் அமத்தாதீர்கள். துண்டை அதே கடையின் காசாளரிடம் கொடுத்தால் பில்லில் கழிப்பார், ஒன்றும் வாங்காவிட்டால் காசாகவே தருவார். அன்றைக்கே மாற்றுவது நல்லது. நான் ஒரு துண்டைச் சட்டைப்பையில் மறந்து, சட்டையோடு தோய்த்து எடுத்தேன். வெள்ளைக் கடதாசிதான் மிச்சம்.

மற்ற நாடுகள்

நோர்வேயில் இதற்குப் பெயர் பான்ட். அரை லீட்டர் வரை 2 குரோனர், அதற்கு மேல் 3. அங்கே காசா, செஞ்சிலுவைச் சங்க லொத்தரா என்று மெஷின் கேட்கும். உலகம் முழுக்க இந்த மெஷின்களை விற்கிற டொம்ரா கம்பனியும் நோர்வேயில் 1972 இல் தொடங்கியதுதான். சிட்னிப் பக்கம் ஒன்றுக்கு 10 சதம். பிரான்சிலும் சுவிஸிலும் ரின்னுக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் இப்படி நாடளாவிய கட்டாய முறை இல்லை, அங்கே இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. ரயில் நிலையத்தில் தண்ணீர் குடித்துவிட்டுப் போத்தலைச் சுமக்க விருப்பமில்லை என்றால், குப்பைத் தொட்டிக்குள் போடாமல் தொட்டியின் பக்கத்தில் நிற்பாட்டி வையுங்கள். அங்கே வயதானவர்கள் சின்ன ரோச் லைட்டை அடித்துத் தொட்டிக்குள் போத்தல் தேடுவார்கள். கையை உள்ளே விடாமல் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஊருக்கு வந்த பிறகும் டச்பே கடற்கரையில் கடலை வண்டிக்குப் பக்கத்தில் கிடக்கிற போத்தல்களைக் கண்டால் மனம் 25, 50, 75 என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது. போன கிழமை பழைய இரும்புக்காரர் வந்தபோது ரின்களை முழுசாகவே நீட்டினேன். "என்ன தம்பி, மிதிக்காமத் தாறீங்கள், சைக்கிள்ல எப்பிடிக் கட்டுறது?" என்று ஏசிவிட்டு, முற்றத்தில் கொட்டித் தானே மிதிக்கத் தொடங்கினார்.