உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: சிறு குழந்தைகள் விரும்பி அணியும் உடைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

இரண்டு வயதுக் குழந்தை ஒரு சட்டையைக் கண்டதும் அழுதுகொண்டு ஓடினால், அதைப் பிடிவாதம் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். உறவினர் வீட்டுத் திருமணத்தில் பட்டுப் பாவாடை சட்டையைக் கழற்றச் சொல்லி என் மகள் அழுதபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு திரும்பிய பிறகு சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோதுதான், கையின் ஓரத்தில் வெட்டிவிட்ட ஜரிகை நுனிகள் முள்போல் நீட்டிக்கொண்டிருப்பதையும், அவள் மேற்கையில் அதே இடத்தில் சிவந்த கோடு ஒன்று சுற்றி ஓடுவதையும் கண்டேன். எங்கே உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாத வயது. அன்று முதல் கடையில் குழந்தை உடையைக் கையில் எடுத்தால், வண்ணத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பே அதை உள்பக்கம் திருப்பிவிடுகிறேன்.

அப்படித் திருப்பியதும் உங்கள் முன்கையின் உட்புறத்தில், தோல் மென்மையாக இருக்கும் இடத்தில், தையலை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் தையலின் விளிம்பு தடித்தும் நூல் முரடாகவும் இருந்தால், அது அக்குளிலும் தொடையிடுக்கிலும் உரசும். பின்கழுத்தில் தைத்திருக்கும் லேபிள்தான் பல குழந்தைகளின் முதல் எதிரி. லேபிளுக்குப் பதிலாகத் துணியிலேயே அளவை அச்சிட்டிருக்கும் சட்டை கிடைத்தால் அதையே எடுங்கள். லேபிளை வெட்டுவதானால் தையலையே பிரித்து முழுவதும் எடுத்துவிட வேண்டும். பாதியில் வெட்டினால் மிஞ்சும் அடிக்கட்டை முன்னைவிட அதிகமாகக் குத்தும். முன்பக்கம் அழகாகத் தெரியும் எம்பிராய்டரிக்குப் பின்னால் முடிச்சுகளும் விறைத்த தாளும் இருக்கும். பெரிய ரப்பர் பிரிண்ட் இருந்தால் அந்த இடத்தில் காற்று புகாது, வியர்வை வெளியேறாது. மேமாதத்தில் நெஞ்சில் வேர்க்குரு படரும் குழந்தைக்கு இத்தகைய சட்டை வேண்டவே வேண்டாம்.

துணியைப் பொறுத்தவரை நம் வெயிலுக்குப் பருத்தியே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பருத்தி என்று எழுதியிருப்பதாலேயே ஒரு துணி மெல்லியதாகிவிடாது. திருப்பூரில் பின்னலாடைத் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்னும் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்று சொல்வார்கள். கோடையில் வீட்டில் அணியும் பனியன் துணிச் சட்டைக்கு 140 முதல் 160 வரை போதும். 200-ஐ நெருங்கும் துணி, குளிர்ந்த ஊர்களுக்கோ மார்கழி இரவுகளுக்கோ ஏற்றது. பலமுறை துவைத்து நைந்த பழைய வேட்டியில் பச்சிளங்குழந்தையை ஏந்தும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதற்கும் இதுவே காரணம்: ஒவ்வொரு சலவையிலும் கஞ்சியும் ஆலையில் ஏற்றிய பூச்சுகளும் நீங்கி, இழை இளகிவிடுகிறது. ஏற்றுமதித் தரத் துணிகளில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்னும் வேதிப்பொருள் சோதனைச் சான்று இருந்தால், அதில் முதல் வகுப்பு என்பது 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. தீங்கு தரும் வேதிப்பொருள்களுக்கான வரம்புகள் அந்த வகுப்பில்தான் மிகக் கடுமையானவை.

அடுத்துக் கழுத்து. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இருக்கும். பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். பெரியவர் சட்டையை அப்படியே சிறிதாக்கித் தைத்த உடை குழந்தையின் தலையில் மாட்டிக்கொள்வதும், முகம் மூடப்பட்ட அந்தச் சில நொடிகளில் குழந்தை மிரள்வதும் இதனால்தான். கைக்குழந்தைக்கு முன்பக்கம் நாடா கட்டும் ஜப்லாவும், ஒரு வயதுக்கு மேல் தோளில் பிரஸ் பட்டன் வைத்த சட்டையும் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன.

இடுப்பில் எலாஸ்டிக்கின் அகலத்தைப் பாருங்கள். நூல்போல் மெலிந்த எலாஸ்டிக் தோலில் அழுந்திப் பதியும். அரைஞாண் கட்டிய குழந்தைக்கு அது கயிற்றையும் சேர்த்து அழுத்திவிடும். துணிக்குள் மறைந்த, இரண்டு விரல் நுழையும் அளவு தளர்ந்த, அகலமான எலாஸ்டிக்கே நல்லது. டயப்பர் அணியும் குழந்தையானால் டவுசரின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அணிவித்த பிறகு குழந்தையைக் குந்தவைத்தும், இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கச் செய்தும் பாருங்கள். எந்த நிலையிலும் துணி இழுபடாமல் இருந்தால் அது விளையாடுவதற்கு ஏற்ற உடை.

அளவு விஷயத்தில் 2–3 வயது என்று அச்சிட்டிருப்பதை நான் நம்புவதில்லை. ஒரே வயதைக் குறிக்கும் சட்டைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, மார்பின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போவதே உறுதியான வழி. பின்னலாடை முதல் சலவையில் 5 சதவீதம் வரை சுருங்கலாம் என்பதையும், இரண்டு வயதுக்குப் பிறகு குழந்தைகள் ஆண்டுக்கு 6 முதல் 8 செ.மீ. வரை வளர்வார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் அளவு பெரியதாக வாங்குவது போதும். இரண்டு அளவு பெரியதாக வாங்கினால் கால் தடுக்கும், தோள் நழுவும். பாவாடைக்கு மட்டும் நம் பாட்டிமார் கையாண்ட முறையே சிறந்தது: அடியில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் குழந்தை ஓர் உடையை விரும்பாமல் போகலாம், ஏனெனில் அதற்கும் ரசனை உண்டு. இரண்டரை வயதில் தானே அணிந்துகொள்வதுதான் பெருமை. ஆகவே தானாக இழுத்து ஏற்றக்கூடிய டவுசரும், முன்பின் தெரிய ஓர் அடையாளம் உள்ள சட்டையும், கூழாங்கல்லோ புளியங்கொட்டையோ போட்டுவைக்க ஒரு பையும் இருந்தால் அந்த உடை உடனே அதற்குச் சொந்தமாகிவிடும். காலையில் அலமாரி முழுவதையும் திறந்து காட்டாமல், நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரண்டை மட்டும் நீட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். எப்போதும் ஒரே சட்டையையே கேட்கும் குழந்தையோடு மல்லுக்கட்டாமல், அதே துணியில் இன்னொன்று வாங்கி வைப்பதே நல்லது.

கழுத்தில் நாடாவோ தொங்கும் கயிறோ உள்ள உடையைக் குழந்தை விளையாடப்போகும்போது அணிவிக்காதீர்கள்; சறுக்குமரத்திலும் கதவு இடுக்கிலும் அது மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கிவிடும். மணிகளையும் பொத்தான்களையும் வலுவாக இழுத்துப் பார்த்து, அசைந்தால் ஒதுக்கிவிடுங்கள். காலுறைகளையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே தொங்கும் ஒற்றை நூல் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும் ஆபத்து உண்டு. மழைக்காலத்தில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலேயே கடிப்பதால், வெளிர் நிறத்தில் முழுக்கை வைத்த மெல்லிய பருத்திச் சட்டை உதவும்.

பட்டு உடையை முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை. தையற்காரரிடம் கொடுக்கும்போதே, கழுத்து, கைமுனை, இடுப்புப் பட்டி மூன்றிலும் மல் துணி லைனிங் வைத்து, ஜரிகை ஓரம் தோலைத் தொடாதபடி மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பருத்திச் சிம்மீஸ் அணிவித்து, பந்தி முடிந்ததும் மாற்றிவிடக் கவுன் ஒன்றையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தடவும் வழக்கத்தோடு, அதை ஒருமுறை துவைத்து, சோப்பு முழுவதும் போகும்வரை அலசி, வெயிலில் உலர்த்தி அணிவிக்கும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் அக்காவின் பழைய உடைகள் இந்த வகையில் புதியவற்றைவிட மேலானவை. ஆனால் அவை பாச்சை உருண்டை என்று நாம் சொல்லும் நாஃப்தலீன் போட்ட பெட்டியில் இருந்திருந்தால் கைக்குழந்தைக்கு அணிவிக்க வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும், அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்பே தெரிந்திருப்பதில்லை. சின்ன உடைகளைச் சேர்த்து வைக்கும் பெட்டியில் உலர்ந்த வேப்பிலையையோ, துணியில் முடிந்த வசம்பையோ போட்டு வைத்தால் போதும்.