உணவு ஆலோசனைக் குழுவில் முதல்முறை உட்காரப் போகிறீர்களா?

போன ஆண்டு சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் உணவு விரயம் பற்றி ஒரு சிறிய ஆலோசனைக் குழு அமைத்தார்கள். குடியிருப்பாளர் தரப்பில் ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். சமூகத் தோட்டத்தில் நான்கு தொட்டி வெண்டைக்காய் வளர்ப்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. சரி என்றேன். முதல் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஆவேசமாகப் பேசினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த கூட்டக் குறிப்பில் என் பேச்சு ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: "உறுப்பினர் ஒருவர் தம் அக்கறையைத் தெரிவித்தார்."

உங்களுக்கும் அப்படி ஒரு வரி வராமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் இது என்ன வகைக் குழு என்று பார்த்துவிடலாம். பண்ணைக்காரர், இறக்குமதியாளர், சந்தைக் கடைக்காரர், அங்காடிக்காரர், அறநிறுவனம், ஆய்வாளர், குடியிருப்பாளர், அதிகாரி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அரசுக்கு யோசனை சொல்லும் குழு. முடிவெடுக்கும் அதிகாரம் இதற்குக் கிடையாது. நம் ஊரில் இந்தப் பாணி புதிதல்ல. 1972-இல் தொடங்கிய தேசியச் சம்பள மன்றத்தில் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் என்று முத்தரப்பும் உட்காருகின்றன. அதன் வழிகாட்டிக்குச் சட்ட வலு இல்லை, ஆனாலும் அது வெளிவந்தால் பல நிறுவனங்கள் எடுத்துப் படிக்கின்றன. உணவுக்கென்றே இப்படி ஒரு மன்றம் முதலில் 1982-இல் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் வந்தது. கனடாவின் டொராண்டோ 1991-இல் தனக்கென ஒன்றை அமைத்தது.

முதல் படி: பணி வரம்பைக் கேட்டு வாங்குங்கள்

குழுவின் வேலை என்ன என்று சொல்லும் பணி வரம்பு ஒன்று ஒன்றிரண்டு பக்கத்தில் இருக்கும். யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள், செயலகத்திடம் கேளுங்கள். அதில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். யாருக்கு ஆலோசனை சொல்கிறோம்? எந்தத் தேதி வரை? நாம் சொன்னதற்கு அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டுமா? மூன்றாவது இல்லையென்றால் முதல் கூட்டத்திலேயே கையைத் தூக்கிக் கேளுங்கள். எங்கள் குழுவில் நான் அதை மூன்றாவது கூட்டத்தில்தான் கேட்டேன். அதற்குள் பாதி வேலை முடிந்துபோயிருந்தது.

பெயரும் புகழும் உள்ள குழுவாக இருந்தாலும் இந்தக் காகிதம்தான் அதற்கு உயிர். பிரேசிலின் தேசிய உணவுப் பாதுகாப்பு மன்றமான கான்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு இடம் பொதுமக்கள் தரப்புக்கு, தலைவரும் அந்தத் தரப்பிலிருந்துதான். 1993-இல் தொடங்கி 1995-இல் மூடினார்கள், 2003-இல் மறுபடி திறந்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று, புதிய அதிபர் பதவியேற்ற நாளிலேயே, ஒரு கையெழுத்தில் அது போனது. 2023-இல் திரும்பி வந்தது. அத்தனை பெரிய மன்றத்துக்கே இந்த நிலை என்றால், சமூக மன்றத்து இரண்டாம் மாடியில் கூடும் நாம் எம்மாத்திரம்!

இரண்டாம் படி: உங்கள் கேள்வி எந்த மேசைக்கு உரியது?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 2019 ஏப்ரல் 1 முதல் உணவுப் பாதுகாப்பையும் பண்ணைகளையும் கவனிப்பது சிங்கப்பூர் உணவு அமைப்பு. ஆனால் உணவு தொடர்பான எல்லாமே அங்கே இல்லை. அரிசிக் கையிருப்புத் திட்டம் எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது. உணவங்காடி நிலையங்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பொறுப்பு. சமூகத் தோட்டம் தேசியப் பூங்காக் கழகத்தின் பக்கம். பானங்களின் சர்க்கரைத் தரக்குறியீடு சுகாதார அமைச்சிடம்.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு நம் அரிசி இறக்குமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவிலிருந்துதான் வந்தது. என் மாமியார் அன்று மாலையே இரண்டு மூட்டை பொன்னி வாங்கி வைத்துவிட்டார். அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதி அளவைப்போல் இரண்டு மடங்கைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உண்டு, மாமியாருக்குத்தான் அது தெரியாது. எங்கள் குழுவிலும் ஒருவர் அரிசியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் இருந்த எந்த அதிகாரியாலும் அரிசி விஷயத்தில் ஒரு மணியைக்கூட நகர்த்த முடியாது.

போகும் முன் உங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே "இதை மாற்றக்கூடியவர் யார்?" என்று எழுதிப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் செயலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

மூன்றாம் படி: யார் வரவில்லை என்று எண்ணுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது, அதனால் கொஞ்சம் நீளும்.

எங்கள் குழுவின் முதல் வேலை ஈரச்சந்தையில் மிஞ்சும் காய்கறியை அறநிறுவனங்களிடம் சேர்ப்பது எப்படி என்று பார்ப்பது. கடைக்காரர்கள் ஏன் கொடுப்பதில்லை என்ற கேள்விக்கு மேசையில் இருந்த எல்லோருக்கும் ஒரே பதில்: சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு வருமே என்ற பயம். அதற்கு ஏற்கெனவே மருந்தும் இருக்கிறது என்றார்கள். 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் உணவு நன்கொடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அமைச்சர் கொண்டுவந்ததல்ல, லூயிஸ் இங் உள்ளிட்ட உறுப்பினர்கள் சிலர் கொண்டுவந்த தனி மசோதா. கொடுக்கும்போது உணவு கெட்டிருக்கக் கூடாது, எப்படி வைக்க வேண்டும், எதற்குள் சாப்பிட வேண்டும் என்று பெறுபவரிடம் சொல்ல வேண்டும், சுத்தமாகக் கையாள வேண்டும். இவற்றைச் செய்தால் கொடுத்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே விளக்கத் துண்டறிக்கை அச்சடிக்கலாம் என்று முடிவாகும் நிலை.

சுற்றிப் பார்த்தேன். பதினொரு பேர். அதில் கடைக்காரர் என்று ஒருவர்கூட இல்லை. கூட்டம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு!

மறுநாள் சந்தைக்குப் போனேன். நான் வழக்கமாக வாங்கும் கீரைக்கடை அக்கா முளைக்கீரையின் வேர்மண்ணைத் தட்டி, வாடிய இலையைக் கிள்ளி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பண்ணைகள் பாயம் என்ற மலாய்ப் பெயரைப் பொட்டலத்தில் ஒட்டி விற்பதும் இந்த இனம்தான். பதினொன்றரைக்கு மேசையில் பதினான்கு கட்டு மிச்சம்.

"வழக்கு பயமா அக்கா?" என்றேன்.

"என்ன வழக்கு? தம்பி, நான் பன்னிரண்டு மணிக்குக் கடையைக் கழுவி மூடிடுவேன். அவங்க வண்டி மூணு மணிக்குத்தான் வருது. இந்த வெயில்ல மூணு மணி நேரம் கீரையை எங்க வைக்கிறது? என்கிட்ட ஐஸ் பெட்டியா இருக்கு?"

அவ்வளவுதான். துண்டறிக்கைக்கு வேலையே இல்லை. பக்கத்து மீன்கடை அங்கிளிடம் பாசார் மலாயில் கேட்டேன், அவரும் நேரத்தைத்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தைத் திங்கள்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். எங்கள் சந்தையில் பெரும்பாலான கடைகளுக்குத் திங்கள் ஓய்வு. அக்கா வந்தார். ஆங்கிலக் காகிதத்தை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொன்னேன். இந்த மொழிபெயர்ப்பைச் செயலகம் ஏற்பாடு செய்ய வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள்: பேசப்படும் பொருளைக் கையால் தொடுகிறவர்கள் யார் யார் என்று வரிசையாக எழுதுங்கள். பறிப்பவர், கட்டுபவர், ஓட்டுபவர், விற்பவர், சமைப்பவர், கழுவுபவர். எத்தனை பேருக்கு நாற்காலி இருக்கிறது என்று எண்ணுங்கள். எல்லோரையும் உறுப்பினராக்க முடியாது, தெரியும். ஒரு கூட்டத்துக்கு விருந்தினராக அழைத்தாலே போதும், அல்லது நீங்களே போய்க் கேட்டு வாருங்கள். பெரிய மேசைகளிலும் இந்தச் சிக்கல் இருந்தது. ஐநாவின் உலக உணவுப் பாதுகாப்புக் குழு 1974-இல் தொடங்கியது. விவசாயிகள், மீனவர்கள் போன்றோரின் அமைப்புகள் அங்கே முறையாக உட்கார்ந்து பேச 2009 சீர்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் இறுதி முடிவு நாடுகளின் கையில்தான்.

நான்காம் படி: எண் வந்தால், எதன் எண் என்று கேளுங்கள்

2019-இல் அறிவித்த இலக்கு 2030-க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது. 2025 நவம்பரில் அதை மாற்றினார்கள். இப்போதைய இலக்கு 2035-க்குள் நாம் உண்ணும் நார்ச்சத்து வகையில் 20 விழுக்காடு, புரத வகையில் 30 விழுக்காடு. நார்ச்சத்து வகை என்றால் காய்கறி, முளைப்பயறு, காளான். புரதம் என்றால் முட்டை, கடலுணவு. 2024 நிலவரப்படி முதலாவது 8, இரண்டாவது 26 விழுக்காடு.

இரண்டு இலக்கிலும் 30 என்ற எண் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பழையது மொத்தத் தேவையைப் பற்றியது, புதியது இரண்டு கூடைகளைப் பற்றியது. யாராவது "முப்பது விழுக்காடு" என்றால் எந்த ஆண்டுக்கு, எந்தக் கூடைக்கு என்று கேளுங்கள். அசட்டுக் கேள்வி என்று நினைக்காதீர்கள், மேசையில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது.

அப்புறம் ஒன்று. புள்ளிவிவரம் உங்களிடம் இல்லையென்று கவலைப்படாதீர்கள். நான் பத்து நாள் பதினொன்றரைக்குச் சந்தைக்குப் போய் அக்கா கடையில் மிஞ்சிய கட்டுகளை எண்ணி நோட்டில் எழுதினேன். பெரிய ஆய்வெல்லாம் இல்லை, ஒரே ஒரு கடைதான், அதைச் சொல்லியே மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் என் பெயர் கூட்டக் குறிப்பில் வந்தது.

ஐந்தாம் படி: பரிந்துரையை எழுதிக்கொண்டு போங்கள்

பேசுவதைவிட எழுதிக் கொடுப்பது மேல். எப்படி எழுதுவது? என் முதல் வரைவு இது:

"சந்தையில் மிஞ்சும் உணவு வீணாகாமல் இருக்க உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்."

யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். யார், என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தினேன்:

"சந்தையின் பின்வாசலில் குளிர்பெட்டி ஒன்றை அறநிறுவனம் காலை 11.30-க்கு வைத்து, 12.15-க்கு எடுத்துச்செல்ல வேண்டும். கீரைக்கடைகளோடு மட்டும் தொடங்கி மூன்று மாதம் பார்க்க வேண்டும். வந்த கட்டுகளின் எண்ணிக்கையை அறநிறுவனம் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்."

இதை மறுக்கிறவர் குறிப்பாக எதையாவது மறுத்தாக வேண்டும். எங்கள் அறநிறுவனப் பிரதிநிதி உடனே சொன்னார்: "12.15 முடியாது, ஓட்டுநர் அப்போது வேறு இடத்தில். 12.45 என்றால் சரி." பேரம் தொடங்கிவிட்டது பாருங்கள்.

எழுதும்போது ஒரே கூட்டத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

உங்களுக்கு அதில் சொந்த லாபம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறக்குமதியாளர் இறக்குமதியைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை, அதற்காகத்தான் அழைத்திருக்கிறார்கள். மறைத்துப் பேசினால்தான் வம்பு.

ஆறாம் படி: கூட்டக் குறிப்பும் பதிலும்

குறிப்பு வந்த அன்றே படியுங்கள். திருத்தம் அனுப்பச் சில நாள்தான் தருவார்கள். "அக்கறை தெரிவித்தார்", "விவாதிக்கப்பட்டது" போன்ற வரிகளைக் கண்டால், நீங்கள் முன்வைத்த வாசகத்தை அப்படியே சேர்க்கும்படி மரியாதையாக எழுதுங்கள். நான் சண்டை போட்டதில்லை. "நான் அன்று கொடுத்த தாள் இணைப்பில் உள்ளது, குறிப்பில் சேர்த்தால் உதவியாக இருக்கும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சேர்த்தார்கள்.

பதிலை ஒவ்வொரு பரிந்துரைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: ஏற்றது, மாற்றி ஏற்றது, மறுத்தது, மறுத்ததன் காரணம். எங்கள் மூன்றில் குளிர்பெட்டியை 12.45 என்று மாற்றி ஏற்றார்கள். கூட்டத்தைத் திங்கள்கிழமை வைப்பதையும் ஏற்றார்கள். சந்தைக்குள் நிரந்தரக் குளிரறை வேண்டும் என்ற மூன்றாவதை மறுத்தார்கள்: மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று நாங்கள் எழுதவில்லையாம். நியாயமான காரணம்தான்.

அதனால் இப்போது கடைக்காரர்கள் சிலரோடு உட்கார்ந்து மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அக்கா ஒரு கட்டுக்கு ஐந்து காசு என்கிறார், மீன்கடை அங்கிள் கிலோவுக்கு வைக்கலாம் என்கிறார். அடுத்த கூட்டம் வரும் திங்கள்.