பிக்கப் வண்டியில் கியர் இறங்கும்போது இடிக்கிறதா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மெல்ல மிதிக்கிறீர்கள். வண்டி நிற்கப் போகிற நேரத்தில், பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு இடி. ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்திருக்கும் பலருக்கும் இது தெரிந்த சங்கதி. உடனே "கியர்பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த இடிக்குக் காரணம் பல நேரங்களில் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும். உள்ளே இருந்தாலும் பழைய ஆயில், பழுதான சென்சார் என்று எளிதில் தீர்கிற விஷயமாக இருக்கலாம். அதனால் எதை முதலில் பார்ப்பது என்ற வரிசை முக்கியம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். ஆட்டோமேட்டிக்கில் கியர் இறங்குவது என்றால், உள்ளே ஒரு கிளட்ச் செட் பிடியை விடுகிறது, இன்னொன்று பிடிக்கிறது. இரண்டையும் செய்வது ஆயில் அழுத்தம். எந்த நொடியில் எவ்வளவு அழுத்தம் என்பதைக் கணினி முடிவுசெய்து, சோலனாய்டு வால்வுகள் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்) வழியாக நடத்துகிறது. விடுவதும் பிடிப்பதும் ஒரே தாளத்தில் நடந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. தாளம் தப்பினால் இடி.

படி 1: எப்போது இடிக்கிறது என்று எழுதி வையுங்கள்

இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? மெதுவாக நிற்கும்போதா, முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்தும்போதா? மூன்றிலிருந்து இரண்டுக்கா, இரண்டிலிருந்து ஒன்றுக்கா? முந்தும்போது இன்ஜின் ஒரு கணம் வெறுமனே உறுமிவிட்டு அப்புறம் டமாரென்று பிடித்தால், கிளட்ச் நழுவுகிறது அல்லது ஆயில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இழுவைக்கான டோ-ஹால் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நிலையில் இன்ஜின் பிரேக்கிங் கிடைப்பதற்காக வண்டி வேண்டுமென்றே சீக்கிரமாகவும் அழுத்தமாகவும் கியரை இறக்கும். அது பழுதல்ல. சமீபத்தில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், சில வண்டிகளில் கணினி கற்று வைத்திருந்த கியர் மாற்றக் கணக்கு அழிந்துவிடும். மறுபடி கற்றுக்கொள்ளும் வரை கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கும்.

படி 2: நியூட்ரல் சோதனை

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கருவி எதுவும் வேண்டாம்.

ஆளில்லாத, சமமான சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, வழக்கம்போல பிரேக் பிடித்து நிறுத்துங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், சாவியைத் தொடாதீர்கள். அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். லீவர் ரிவர்ஸுக்கோ பார்க்குக்கோ போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இதே நிறுத்தத்தை நான்கைந்து முறை நியூட்ரலிலும், நான்கைந்து முறை டிரைவிலும் செய்து ஒப்பிடுங்கள்.

நியூட்ரலிலும் அதே இடி வந்தால், அது கியர் இறங்குவதால் வரும் இடி அல்ல. படி 3-க்குப் போங்கள். டிரைவில் மட்டும் வந்தால் கியர்பாக்ஸ், ஆயில், சென்சார் பக்கம் சந்தேகப்படலாம். ஆனால் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் தேய்ந்த ஜாயிண்டும் இன்ஜின் இழுவை மாறும்போது டிரைவில் மட்டும் தட்டலாம். ஆகவே அப்போதும் படி 3-ஐத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 3: வண்டிக்கு அடியில்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

இங்கே முதல் சந்தேகம் ஸ்லிப் யோக் மேல். பின்சக்கர அச்சு மேலும் கீழும் ஆடும்போது புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் சற்றுக் கூடிக் குறைய வேண்டும். அதற்காகவே பல்பல்லாக வெட்டிய ஒரு பகுதி இன்னொன்றுக்குள் வழுக்கி நகர்கிறது, அதுதான் ஸ்லிப் யோக். அங்கே கிரீஸ் காய்ந்துபோனால் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்கிறது. வண்டி நின்றதும் முறுக்கு விடுபடும். அப்போது ஒட்டியிருந்த யோக் சட்டென்று நகர்ந்து 'டங்' என்று தட்டும். நின்ற பிறகு அரை நொடி கழித்து இடி வந்தால் பெரும்பாலும் இதுதான். கியர் இறங்கியதால் வந்த இடி என்றே உடம்பு சொல்லும், அவ்வளவு ஒற்றுமை. கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டியும் இடி போகாமல், கடைசியில் கொஞ்சம் கிரீஸில் சரியான வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையாளரின் முகம் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன் போதும். இல்லையென்றால் ஷாஃப்டைக் கழற்றி, பற்களைத் துடைத்து, கிரீஸ் பூசி மாட்ட வேண்டும். கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் கோடு போடுங்கள். அதே நிலையில் மாட்டாவிட்டால் அதிர்வு வரும். இன்னொன்றை மறக்காதீர்கள்: ஷாஃப்டைக் கழற்றிவிட்டால், லீவர் பார்க்கில் இருந்தாலும் பின்சக்கரங்களை அது பிடித்து வைக்காது. கட்டை இல்லாவிட்டால் வண்டி உருண்டுவிடும்.

அப்படியே ஷாஃப்டின் யூ-ஜாயிண்ட் கிராஸ்களை (மடங்கியபடி சுழலவிடும் சிலுவை வடிவ இணைப்புகள்) கையால் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும், துருப்பொடி தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவிலுள்ள சென்டர் பேரிங் ரப்பரையும் பாருங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்கள் கிழிந்திருந்தாலும் சாதாரண கியர் மாற்றமே இடியாகக் கேட்கும்.

படி 4: கியர்பாக்ஸ் ஆயில்

பல வண்டிகளில் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கில் விட்டு, இன்ஜின் ஓடும்போதே கியர்பாக்ஸின் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் நியூட்ரலில் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் குறிப்பிட்ட வெப்பநிலையில், பக்கவாட்டு பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும். புதியவர் அதை அனுபவமுள்ள ஒருவரோடு செய்வது நல்லது.

ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் தடுமாறும். அதிகமானாலும் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், விளைவு அதேதான்.

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் தகடுகள் சூடேறியிருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டரிலிருந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே வேண்டாம். கூலன்ட் கிளட்ச் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும்.

ஆயில் மாற்றுவதானால் கையேட்டில் சொன்ன வகையை மட்டும் ஊற்றுங்கள். டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, ஏடிஎஃப்+4 எல்லாமே சிவப்புதான், ஆனால் உராய்வுக் குணம் வேறு வேறு. கிளட்ச் எவ்வளவு மென்மையாகப் பிடிக்கும் என்பதே அந்தக் குணத்தைப் பொறுத்தது. கியர்பாக்ஸின் அடியிலுள்ள தட்டான ஆயில் பேனை இறக்கினால் மொத்த ஆயிலும் வராது, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும். வெளியே வந்ததை அளந்து அதே அளவு புதிதாக ஊற்றி, அப்புறம் சூட்டில் அளவைச் சரிபாருங்கள். ஃபில்டரையும் மாற்றுங்கள். பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு, துடைத்துவிடலாம். உலோகச் சீவல்களோ துண்டுகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. அதற்கு ஆயில் மாற்றம் மருந்தல்ல.

படி 5: ஸ்கேனர்

எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும், கணினியில் பதிவான பழுது எண்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். பி0700 மட்டும் வந்தால் அது ஒரு தகவல் மட்டுமே: கியர்பாக்ஸ் கணினியில் வேறு எண் பதிவாகியிருக்கிறது என்று பொருள். கியர்பாக்ஸ் எண்களையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். பி0715 உள்ளீட்டு வேக சென்சார், பி0720 வெளியீட்டு வேக சென்சார், பி0750 ஷிஃப்ட் சோலனாய்டு. இந்த எண்களைப் பார்த்ததும் பாகம் வாங்க ஓடாதீர்கள். முதலில் அந்த சென்சாரின் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள். அடியில் சேறும் தண்ணீரும் படுகிற இடம், பின்களில் பச்சை பூத்திருப்பது சாதாரணம்.

கூடவே ஐடிலிங் வேகத்தையும் கவனியுங்கள். சூடான இன்ஜின் கையேடு சொல்லும் அளவைவிட அதிகமாகச் சுற்றினால், நிற்கும் நேரத்தில் வண்டியை முன்னே தள்ளும், கியர் இறங்குவதும் முரடாகும். இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடி அழுக்கடைவது, வேக்குவம் குழாய்க் கசிவு இரண்டும் வழக்கமான காரணங்கள்.

படி 6: மறுபடி கற்கவிடுங்கள்

ஆயிலோ சென்சாரோ மாற்றிய பிறகு, பழைய கணக்கை ஸ்கேனரால் அழிக்க முடியும் என்றால் அழித்துவிட்டு, மிதமான ஆக்சிலேட்டரில் பல முறை கிளம்பி, மெதுவாகப் பல முறை நிறுத்தி ஓட்டுங்கள். மாற்றிய அன்றே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இதற்குப் பிறகும் டிரைவில் இடி தொடர்ந்தால், ஆயிலைப் பிரித்தனுப்பும் வால்வு பாடி, சோலனாய்டு, கிளட்ச் என்று உள்ளே போக வேண்டியதுதான். மெக்கானிக்கிடம் போகும்போது படி 1-இல் எழுதிய குறிப்பையும், நியூட்ரல் சோதனையின் முடிவையும், ஸ்கேனர் எண்களையும் கொடுங்கள். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பிரஷர் கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள்.