பள்ளியில் ஜப்பானிய மொழி மன்றம்: தொடங்குவதும் நடத்துவதும்

அயல்மொழி மன்றம் என்ற பெயரில் நம் பள்ளிகளில் தொடங்கப்படுபவற்றுள் பல ஒரே நாள் விழாவோடு முடிந்துவிடுகின்றன. மாணவர்கள் காகிதக் கொக்கு மடிப்பார்கள். நான்கு வணக்கச் சொற்களை மேடையில் ஒப்பிப்பார்கள். படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். இதில் தவறொன்றும் இல்லை, ஆனால் மொழியும் வருவதில்லை, அந்த நாட்டு மக்களோடு உறவும் வருவதில்லை. ஓர் ஆண்டு முழுவதும் நடந்து, மறு ஆண்டும் தொடரக்கூடிய மன்றத்தை அமைக்க விரும்பும் ஆசிரியருக்கானது இந்த வழிகாட்டி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இருப்பதால் பெற்றோரை இணங்கவைப்பது எளிது. ஆனால் இம்மொழியைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல காரணம், தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஜப்பானியம் பாதி தெரிந்த மொழி என்பதே.

தொடக்கத்தில் இருபது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை விட்டுவிட்டு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. வாரத்தில் ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் பெற்றுக்கொள்ளுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்ட மன்றங்கள் காலாண்டுத் தேர்வைத் தாண்டியதில்லை. ஜப்பானியம் தெரிந்த ஆசிரியர் பள்ளியில் இல்லை என்பது தடையாகாது. ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் பிற நாடுகளில் பரப்பும் ஜப்பான் பவுண்டேஷன் என்ற அமைப்பு வெளியிட்டுள்ள 'இரோதொரி' பாடநூலை ஒலிக்கோப்புகளோடு இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தொசொகாய் போன்ற மையங்களில் பயின்றவர் எவரேனும் மாதம் ஒருமுறை வந்து உச்சரிப்பைத் திருத்தினால் போதும். பொறுப்பாசிரியர் மாணவர்களோடு சேர்ந்து கற்பவராக இருப்பது, என் கருத்தில், குறையன்று.

முதல் இரண்டு மாதங்கள் ஹிரகனா எனும் ஜப்பானிய ஒலியெழுத்துகளுக்கு. அடிப்படை எழுத்துகள் 46. அட்டவணையைச் சுவரில் மாட்டியதும் அதன் வரிசையை மாணவர்களையே படிக்கச் சொல்லுங்கள்: உயிர்கள் அ, இ, உ, எ, ஒ, அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹகர வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்று சொல்லிவிட்டால், நம் நெடுங்கணக்கில் ஜப்பானியத்தில் இல்லாத எழுத்துகளை நீக்கினால் எஞ்சும் வரிசை இதுவே என்பதை வகுப்பில் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார். இது தற்செயல் அன்று. பௌத்தத்தோடு அங்கே சென்ற இந்திய எழுத்தொலிக் கல்வி விட்டுச்சென்ற முறை. குறில் நெடில் வேறுபாடும் நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. 'ஒஜிசான்' என்றால் மாமா வயதுடையவர். 'ஒஜீசான்' என்றால் தாத்தா. ஒற்று இரட்டித்தால் பொருள் மாறுவதும் அவர்களுக்குப் பழகியதே. 'கிதெ' என்றால் 'வந்து', 'கித்தெ' என்றால் அஞ்சல்தலை. ஆனால் ஒன்றில் மட்டும் தமிழ் எழுத்து காலை வாரிவிடும். சாவியைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒரு பழத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே இரண்டாம் எழுத்தின் அதிர்வொலி (ஆங்கில g, k போல) மட்டுமே வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி' ஆகிவிடும். ஆகவே மூன்றாம் வாரத்துக்குப் பின் குறிப்பேட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதை நிறுத்தச் செய்யுங்கள்.

இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தராதீர்கள். பெரும்பாலான மன்றங்கள் இடறும் இடம் இதுதான். "நான் தண்ணீரைக் குடிக்கிறேன்" என்பதை அதே வரிசையில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் "வதாஷி வா மிசு ஒ நொமிமாசு" என்று வந்துவிடும். 'ஒ' என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. "டோக்கியோவுக்கு" என்பதன் 'கு' அங்கே 'நி'. துணைவினைகளின் ஒற்றுமை இன்னும் வியப்பூட்டும்: 'தபெதெ மிரு' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'சாப்பிட்டுப் பார்', 'ஷிதெ ஒகு' என்பது 'செய்து வை', 'தபெதெ ஷிமாவு' என்பது 'சாப்பிட்டுவிடு'. 'கொரெ, சொரெ, அரெ' என்ற மூன்று சுட்டுகளை விளக்க, 'இது', 'அது' ஆகியவற்றோடு, கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்ட இன்றும் யாழ்ப்பாணத்தில் வழங்கும் 'உது' என்ற சொல்லை நினைவூட்டினால் போதும். இவற்றைக் கேட்ட மாணவர் எவரேனும் இரண்டும் ஒரே குடும்பமா என்று கேட்பது உறுதி. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஓர் உறவு உண்டென வாதிட்டார் என்றும், மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்றும் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இனிப் பரிமாற்றம். ஜப்பானில் ஓர் இணைப்பள்ளியைத் தேட, சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்துக்கும் ஜப்பான் பவுண்டேஷனுக்கும் பள்ளித் தாளில் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். எத்தனை மாணவர், எந்த வகுப்பு, எந்த நாள், எத்தனை நிமிடம் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் செல்கிறது. இங்கே பகல் 12.30 என்றால் அங்கே மாலை 4 மணி. அதாவது நம் மதிய உணவு இடைவேளையும் அவர்களது வகுப்புக்குப் பிந்தைய மன்ற நேரமும் ஒன்றாக வருகின்றன. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை விடுமுறை. நம் தேர்வுகளையும் கழித்துப் பார்த்தால் அக்டோபர், நவம்பர், பொங்கலுக்குப் பின் பிப்ரவரி வரை ஆகியவையே உரையாடலுக்கு உகந்த காலம்.

காணொளிச் சந்திப்பு பள்ளிக் கணக்கில், பள்ளித் திரையில், ஆசிரியர் முன்னிலையில் மட்டும் நடக்க வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்தை முன்பே வாங்கிவிடுங்கள். மாணவரின் கைபேசி எண் எந்தத் தாளிலும் இடம்பெறக் கூடாது. நாற்பது நிமிடத்தில் பாதி ஜப்பானியத்துக்கு, பாதி நம் மொழிக்கு என்று பிரியுங்கள். இல்லையெனில் இரு தரப்பும் ஆங்கிலத்துக்கு நழுவி, தயக்கத்தோடு சிரித்துவிட்டு முடித்துக்கொள்ளும்.

"உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது தலைப்பே அல்ல. சிறிய, கையில் பிடிக்கக்கூடிய பொருளை எடுங்கள். இடைவேளையில் பேசுவதால் மதிய உணவே நல்ல தொடக்கம். ஜப்பானில் பள்ளி உணவு 1889ஆம் ஆண்டு யமகதா மாநிலத்தின் த்சுருஒகாவில் தொடங்கியது. நம்மிடம் காமராசர் காலத்து மதிய உணவும் 1982இல் வந்த சத்துணவுத் திட்டமும் உண்டு. அங்கே தொடக்கப் பள்ளிகளில் மாணவர்களே பரிமாறுகிறார்கள், வகுப்பறையையும் அவர்களே துடைக்கிறார்கள். "நம் பள்ளியில் ஏன் அப்படி இல்லை?" என்று மாணவர் கேட்டால், பதிலை ஆசிரியர் சொல்லாமல் அவர்களே விவாதிக்கட்டும். அடுத்த சந்திப்புக்கு 'கமிஷிபாய்' எனும் படத்தாள் நாடகம் பொருந்தும்: பன்னிரண்டு தாள்களில் ஒரு தெனாலிராமன் கதையை வரைந்து, தாளின் பின்புறம் எழுதிய எளிய ஜப்பானிய வாக்கியங்களை ஆளுக்கொன்றாக வாசிக்கலாம்.

அஞ்சலில் கடிதமும் ஓவியமும் அனுப்புங்கள். பொங்கல் நினைவாக விதையோ பச்சை மஞ்சள் கொத்தோ வைத்துவிடாதீர்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அவற்றை அந்நாட்டுச் சுங்கத்தில் அனுமதிக்க மாட்டார்கள்.

ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். அதன் தொடக்க நிலை என்5. விரும்பும் மாணவர் தனியே ஆயத்தமாகட்டும். அத்தேர்வில் பேச்சுப் பகுதியே இல்லை. மன்ற நேரத்தை அதற்குக் கொடுத்தால் இது இன்னொரு தனிப்பயிற்சி வகுப்பாகிவிடும்.

பிப்ரவரிக் கடைசியில், இணைப்பள்ளித் தொடர்பாசிரியர் மாறுகிறாரா என்று கேட்டு எழுதுங்கள். அங்கே மார்ச்சில் மூத்த மாணவர்கள் விடைபெறுவார்கள், ஆசிரியர்களும் இடம் மாறுவதுண்டு. அதே வாரத்தில் மன்றக் குறிப்பேட்டை, பேசிய தலைப்புகள், சொதப்பிய சந்திப்புகள், பதில் எழுத வேண்டிய கடிதங்கள் எல்லாவற்றோடும் எட்டாம் வகுப்பு மாணவர் இருவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் முதல் கடிதத்தை எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான்.