நிலநடுக்கச் செய்தியில் ரிக்டர் படும் பாடு

உலகில் எங்கே நிலம் குலுங்கினாலும், "ரிக்டர் அளவுகோலில் இத்தனை புள்ளிகளாகப் பதிவானது" என்ற வரி நம் செய்திகளில் வந்துவிடுகிறது. அதில் ரிக்டரும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர் சார்லஸ் ரிக்டர் 1935இல் அந்த அளவுகோலை வகுத்தது தெற்குக் கலிபோர்னியாவின் நடுக்கங்களுக்காக. மிகப் பெரிய நடுக்கங்களின் வலிமையை அது குறைத்தே காட்டும். அதனால் இப்போது அவற்றுக்கு ஆய்வு மையங்கள் தருவது, ஹாங்க்ஸ், கனமோரி என்ற ஆய்வாளர்கள் 1979இல் வகுத்த மொமென்ட் மேக்னிட்யூட், அதாவது நிலப்பிளவு எவ்வளவு பரப்பில், எவ்வளவு தூரம் நழுவியது என்பதிலிருந்து கணக்கிடும் அளவு. "7.7 அளவுள்ள நிலநடுக்கம்" என்று எழுதினால் போதும். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் "மேக்னிட்யூட் 7.7 எர்த்க்வேக்" போதும், "7.7 ரிக்டர்", "7.7 டிகிரி" இரண்டும் ஆங்கிலக் காதுக்கு இடறும்.

இதைவிட மோசமானது, "சென்னையில் 8.6 அளவு நில அதிர்வு" என்பது போன்ற தலைப்பு. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் அதிர்ந்தது சுமத்ராவை அடுத்த கடலடி. சென்னையில் உணரப்பட்டது அதன் மெல்லிய அசைவு. ஒரு நடுக்கத்துக்கு அளவு ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது தீவிரம். தீவிரத்தைக் குறிக்க 1 முதல் 12 வரை செல்லும் மெர்காலி அளவுகோல் இருக்கிறது. ஜப்பானியர் ஷிண்டோ என்ற தங்கள் அளவுகோலில், அந்தந்த ஊர் எப்படிக் குலுங்கியது என்பதைத்தான் முதலில் அறிவிப்பார்கள். 1985இல் மெக்சிகோ நகரம் நடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் நொறுங்கியது. பழைய ஏரிப்படுகையின் இளகிய மண் அதிர்வைப் பெருக்கிவிட்டது. அளவை மட்டும் சொன்னால் இது எதுவும் விளங்காது.

எண்களை ஒப்பிடும்போதும் சறுக்குகிறோம். 1993இல் லாத்தூர் 6.2, 2001இல் புஜ் 7.7. ஒன்றரைதானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும். இந்த ஒன்றரைக்கு ஏறத்தாழ 180 மடங்கு. "10க்கு 7.7" என்று மதிப்பெண் போல எழுதுவதும் தவறு, இந்த அளவுகோலுக்கு 10 உச்சவரம்பு அல்ல. இதுவரை பதிவானதில் பெரியது 1960இல் சிலியில் ஏற்பட்ட 9.5.

முதலில் வரும் எண்ணை முடிந்த முடிவாக எழுதிவிடவும் கூடாது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்கு அந்நாட்டு வானிலை முகமை முதலில் கணித்தது 7.9, பின்னர் அது 9.0 ஆனது. முதல் சுனாமி எச்சரிக்கையில் அலை உயரம் குறைவாகச் சொல்லப்பட்டதற்கு அந்த 7.9தான் காரணம். "முதற்கட்டக் கணிப்பின்படி" என்று சேர்க்க ஒரு வரிகூட ஆகாது.